திரும்பி வந்த பெட்டிகள்: ஓர் ஓலைப் பின்னல்காரர் பற்றிய நிகழ்வு ஆய்வு

2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே வலுவிழந்து நின்றுகொண்டு நாள் கணக்கில் மழையைக் கொட்டியது. பனை ஓலைப் பெட்டி பின்னுகிற எங்கள் மகளிர் குழுவின் கொட்டகை ஒழுகி, உள்ளே இருந்த சாக்குகள் எல்லாம் நனைந்துபோயின. வெயில் தலைகாட்டிய முதல் நாள் அத்தனையையும் வாசலில் கொட்டிக் காயப்போட்டோம். அதில் ஒரு சாக்கு முழுக்கத் 'திரும்பி வந்தது'. அதாவது, ஆர்டர் கொடுத்த வியாபாரி சரியில்லை என்று ஒதுக்கித் திருப்பி அனுப்பிய ஓலைப் பெட்டிகள். மூன்று வருடச் சேர்மானம்.

காயவைக்க வரிசையாகப் பரப்பும்போதுதான் கவனித்தேன். மொத்தம் 31 பெட்டிகள். சிலவற்றில் மூடி பொருந்தவில்லை. சிலவற்றில் விளிம்பு பிரிந்திருந்தது. ஒன்றிரண்டில் சாயம் ஊறிப் பரவியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பழுது. ஆனால் 12 பெட்டிகளில் மட்டும் ஒரே குறை. நேராக இருக்க வேண்டிய கட்டப் பின்னலின் குறுக்கே, இடது மூலையில் அடியிலிருந்து ஒரு கோடு சாய்வாகக் கிளம்புகிறது. மேலே போகப்போக வளைகிறது. விளிம்புக்குக் கீழே கரைந்துபோகிறது. பன்னிரண்டிலும் அதே சாய்வு, அதே வளைவு. வியாபாரியின் சீட்டில் 'கோடு ஓடுது' என்று எழுதியிருந்தது.

தப்பு இப்படி வராது. கை தவறினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் தவறும். மூன்று வருடமாக ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறுகிற கையைத் தப்புக் கணக்கில் எழுதிவைத்திருந்தோம், நானும் சேர்ந்து. யாருடைய பெட்டிகள் என்று விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த 12 பெட்டிகளின் அடியிலும் ஒரே உறுப்பினர் எண் இருந்தது.

இந்த ஆய்வு அவரைப் பற்றியது. பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன், நேரில் கூப்பிடுவதும் அப்படித்தான். ஊர், மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில், தென்கடல் ஓரம்.

கடலும் பனையும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஒரு மாவட்டத்தில் இருக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்களுக்கு அவை வடகடலும் தென்கடலும். அலை அடங்கிய வடகடலைப் பெண் கடல் என்றும், அடித்துப் புரட்டுகிற தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால் பனை. மழை குறைந்த மண்ணில் தானாக நின்று பிழைக்கிற மரம். 1978-இல் மாநில மரமாக அறிவிக்கப்படுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே அதன் ஓலையில்தான் வீட்டுச் சாமான் எல்லாம். கருப்பட்டி வைக்க ஒரு பெட்டி, மீன் வாங்கப் போக ஒரு பெட்டி, நெல் அள்ளக் கடகம், புடைக்கச் சுளகு, குழந்தைக்குக் கிலுக்கு. கீழக்கரைப் பக்கத்தில் சாயம் போட்ட ஓலையில் பின்னுகிற நுணுக்கமான வேலையும் உண்டு.

வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் பின்னால் வருவது விளங்காது. பின்னலுக்கு முற்றிய ஓலை ஆகாது, குருத்தோலைதான் வேண்டும். பனையேறி வெட்டிப் போட்ட குருத்தை விரித்து வெயிலில் காயவைத்து, ராப்பனியில் கிடத்தி, ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்துவார்கள். பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றிவைத்தால் ஓலை பதமாகும். பின்னலில் சாதாரணமானது ஒன்று எடுத்து ஒன்று அமுக்குவது, கட்டம் விழும். ரெண்டு எடுத்து ரெண்டு அமுக்கி, ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இழை நகர்த்திப் பின்னினால் சாய்ந்த கோடு விழும். இப்படி இழைகளைத் தாண்டி நகர்த்துவதைத் தாவல் என்பார் எங்கள் அக்கா.

வியாபாரி கேட்டது முதல் வகை. ஆறு அங்குலச் சதுரப் பெட்டி, மூடியோடு, ரோஸும் பச்சையும் மாறி மாறி. மாதிரிப் பெட்டி ஒன்றை அனுப்பி வைத்திருந்தார். அது கொட்டகையில் ஆணியில் தொங்கும். எல்லோரும் அதைப் பார்த்துப் பின்ன வேண்டும்.

பாசிக்காரர்

அக்கா ஓலைக்குப் பிந்தித்தான் வந்தார். அதற்கு முன் சுமார் 20 வருடம் கடற்பாசி எடுத்தவர். இந்தக் கரையில் பாசி எடுப்பது பெண்கள் தொழில். விடியுமுன் வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போய், கண்ணில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணியும் ரப்பரும் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பறித்து இடுப்பு வலைப்பையில் சேர்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் தண்ணீருக்குள். எல்லா நாளும் போக முடியாது. நீரோட்டம் இடம் கொடுக்கிற நாட்களில்தான், அக்கா போனது மாதத்துக்கு 12 நாள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்கிற பாசி வகைகள் அகர் அகர் செய்யப் போகும், கட்டக்கோரை என்கிற வகை ஆல்ஜினேட் எடுக்கப் போகும். இரண்டும் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கிற பொருள். பெரும்பாலோர் கரையிலேயே காயவைத்து எடைக்குப் போடுவார்கள்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதனால் எங்கே போகலாம், எங்கே இறங்கக் கூடாது என்பது அவர்கள் பிழைப்பில் தீராத பேச்சு. அக்கா தொழிலை விட்டதற்குக் காரணம் அது இல்லை, காது. முங்கி முங்கி இடது காதில் வலி தீராமல் நிலைத்துவிட்டது. இனி தண்ணீருக்குள் போகக் கூடாது என்று வைத்தியம் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிற கணவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் கிடையாது. அந்த மாதங்களுக்காகத்தான் அக்கா 2017-இல் குழுவில் சேர்ந்து ஓலை பிடித்தார். அம்மா பின்னியதைச் சிறுவயதில் பார்த்திருந்ததால் கை சீக்கிரம் பழகிவிட்டது.

பழகிய மறுமாதமே முதல் பெட்டி திரும்பி வந்தது.

மாதிரிப் பெட்டிக்கு முன்னால்

குழுவின் கணக்கையும் தரத்தையும் பார்க்கிற வேலை என்னுடையது. ஒவ்வொரு தடவை கோடு ஓடிய பெட்டி திரும்பி வரும்போதும் அக்காவை மாதிரிப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, எண்ணிப் பின்னச் சொன்னேன். அவரும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பின்னுவார். எண்ணும்வரை சரியாக வரும். பேச்சில் கவனம் போனால், அல்லது மனசு லேசான நாளில், கோடு வந்துவிடும். "நானாப் போடல டீச்சர், அதுவா வருது" என்பார், குற்றம் செய்தவர் போல. ஒரு பெட்டிக்கு 45 ரூபாய். திரும்பி வந்தால் அது கிடையாது. 12 பெட்டிகள் என்றால் 540 ரூபாய். அதைவிட, மற்ற பெண்களுக்கு முன்னால் மூன்று வருடம் அவர் 'கோடு ஓடுறவ' என்ற பேரோடு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. வியாபாரி மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது ஒரே மாதிரி 500 பெட்டி, அவர் கடைக்கு அதுதான் நியாயம். ஒரே மாதிரியைத் தவிர வேறு எதற்கும் கொட்டகையில் இடம் வைக்காதது நாங்கள்.

பரப்பிக் கிடந்த பெட்டிகளை அன்றைக்கு அக்காவும் வந்து பார்த்தார்.

"என்ன டீச்சர், தப்புப் பெட்டிய எல்லாம் கோலம் மாதிரி பரப்பி வச்சிருக்கீக?"

"இது பன்னெண்டும் உங்களோடதுக்கா. பாருங்க, பன்னெண்டிலயும் ஒரே வளைவு."

அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பி வைத்தார். இன்னொன்றை நகர்த்தினார். வரிசை மாறியதும் ஒரு பெட்டியில் கரைந்த கோடு அடுத்த பெட்டியில் தொடர்ந்தது. பன்னிரண்டு பெட்டியிலும் தொடர்ந்து ஓடியது.

"வீட்டுக்கு ஒரு நா வாங்க" என்று மட்டும் சொன்னார்.

சோற்றுப்பானை மூடி

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும் ஆர்டர் நின்றுபோனது. கொட்டகை பூட்டிக் கிடந்தது. வெட்டி வைத்திருந்த ஓலையை உறுப்பினர்கள் பங்கிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், வீணாக வேண்டாமே என்று. மற்றவர்கள் வீட்டுக்கு வேண்டிய பெட்டியும் விசிறியும் பின்னினார்கள். அக்காவும் பின்னியிருக்கிறார். அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அடுப்படியில் சோற்றுப்பானையை மூடியிருந்தது அது. ஒன்றரை முழம் குறுக்களவில் ஒரு தட்டு. புகை ஏறிக் கொஞ்சம் மங்கியிருந்தது. அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. விளிம்பு முழுக்க அந்தச் சாய்ந்த கோடுகள் நெருக்கமாகக் கிளம்பி, நடுவை நோக்கி வளைந்து, ஓரிடத்தில் ஒன்றாகச் சரிந்து, பிறகு பிரிந்து போயின. ரோஸ் இல்லை, பச்சை இல்லை. மிச்சச் சாயங்களை ஒன்றாகக் கலந்து காய்ச்சிய ஒரு மங்கின பழுப்பு, அதற்குள் அங்கங்கே பாசி நிறம். பார்த்தால் ஏதோ அசைகிற மாதிரி இருந்தது.

மாதிரி இல்லை. ஆர்டர் இல்லை. திரும்பி வரும் என்ற பயம் இல்லை. நேரம் இருந்தது, ஓலை இருந்தது. இந்த நிகழ்வில் திருப்பம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த ஊரடங்கு நாட்களைத்தான் சொல்வேன், அவை எத்தனை வீட்டில் அடுப்பை அணைத்தன என்பது தெரிந்தும். அந்தத் தட்டு கடைக்காகச் செய்ததில்லை, யாருக்கும் காட்டுவதற்காகவும் செய்ததில்லை. பானையை மூடுவதற்குச் செய்தது. அதனால்தான் அதில் கை தயங்காமல் போயிருக்கிறது.

"இது என்னக்கா?" என்று கேட்டேன்.

"மூடி."

"அது இல்லக்கா, இந்தக் கோடு."

கொஞ்சம் யோசித்தார். "தெரியல டீச்சர். ஓலை அப்படித்தான போகணும்னு தோணும்."

தண்ணீருக்குள்

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. பதில் அக்காவிடமிருந்து வரவில்லை, அவருடைய தங்கச்சியிடமிருந்து வந்தது. அவர் இன்னும் பாசிக்குப் போகிறவர். மூடியைப் பார்த்த உடனே, "இது நீவாட்டுல பாசி சாயுறதுல்ல" என்றார். நீவாடு என்றால் நீரோட்டம். அக்காவும் அப்போதுதான் முதல் முறை பார்க்கிறவர் போல மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

தங்கச்சி என்னை ஒரு நாள் கடல் வற்றியிருந்த நேரத்தில், இடுப்பளவு தண்ணீருக்குள் கூட்டிப்போய்க் கண்ணாடியை மாட்டிவிட்டு முகத்தை முக்கச் சொன்னார். அக்கா காதுக்காகக் கரையில் நின்றார். கீழே கடல்புல். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பாறை இருக்கிற இடத்தில் வளைந்து, அதைத் தாண்டிக் கரைந்து நேராகிறது. பெட்டியில் பார்த்த அதே வளைவு. நிமிர்ந்து பார்த்தால் அக்கா கரையில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மூச்சடக்கி முங்குகிறவருக்கு உள்ளே இருக்கிற நேரம் கொஞ்சம்தான். அதற்குள் நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, பாசி எங்கே அடர்த்தி, பாறை எங்கே என்று கண் பிடித்தாக வேண்டும். 20 வருடம் அப்படிப் பார்த்த கண், ஓலையைக் கையில் எடுத்ததும் அதையே தேடியிருக்கிறது. பின்னல் எல்லோரும் கற்ற பின்னல்தான். அதில் அந்தக் கண் ஓடியது எங்கள் குழுவில் இவருக்கு மட்டும்தான். பாசி எடுத்த வேறு இரண்டு பெண்களும் குழுவில் உண்டு. அவர்கள் பெட்டியில் கோடு ஓடவில்லை. ஆகவே தொழிலை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. தொழிலும் கையும் சேர்ந்த ஏதோ ஒன்று, அதற்குமேல் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மீன் பொம்மைகள்

இந்த இடத்தில் நான் செய்த தவறை எழுதியாக வேண்டும். விஷயம் புரிந்த சந்தோஷத்தில், "கடல்தான் உங்க விஷயம்னா மீன் பின்னுங்கக்கா, நண்டு பின்னுங்க, நல்லா விக்கும்" என்று சொல்லிவிட்டேன். மறுக்கத் தெரியாமல் பின்னிக் கொடுத்தார். ஆறு மீன், இரண்டு நண்டு, ஒரு ஆமை. சுத்தமான வேலை, ஆனால் எந்தத் திருவிழாக் கடையிலும் தொங்குகிற பொம்மைதான். அவருக்கும் பிடிக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் கொட்டகைக்குத் தாமதமாக வந்தார், சீக்கிரம் கிளம்பினார்.

நானும் வியாபாரியைப் போலவே ஒரு மாதிரியைத் தூக்கிக் கையில் கொடுத்திருக்கிறேன். என் மாதிரி ஆணியில் தொங்கவில்லை, பேச்சில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் கண் பிடித்து வைத்திருந்தது தண்ணீர் ஓடுகிற விதத்தை. மீனின் உருவத்தில் அவருக்கு ஆசையே கிடையாது. 'கடல்' என்ற ஒரு சொல்லுக்குள் நான் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன். ஒருவருடைய கைத்திறனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிற நிமிடத்தில்தான் அதற்குப் பெயர் வைக்கிற அவசரம் வருகிறது. பயிற்சி கொடுக்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது நல்லது. எனக்கு அது ஒன்பது பொம்மை கழித்துத்தான் தெரிந்தது.

இரட்டை ஓலை

பொம்மைகளை விட்டுவிட்டோம். 2021 மார்ச்சில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வாரத்தில் நான்கு நாள் வழக்கமான ஆர்டர் வேலை, இரண்டு நாள் மாதிரி இல்லாத வேலை. முழு வாரமும் உங்கள் வேலையையே செய்யுங்கள் என்று நான் சொன்னபோது அக்கா ஒப்பவில்லை. "பெட்டி அரிசிக்கு டீச்சர். அத விட்டா இது அரிசிக்குன்னு ஆயிரும், அப்புறம் கை பயப்படும்." அவர் சொன்னதே சரி என்று பின்னால் தெரிந்தது.

தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று இருந்தது. தாவல் கூடினால் பின்னல் தளரும். மூன்று இழைக்கு மேல் தாவினால் ஓலை தொங்கும், விரல் பட்டால் நெகிழும். வியாபாரி கோடு ஓடிய பெட்டிகளை ஒதுக்கியதில் இந்த நியாயமும் இருந்தது. அக்கா முதலில் பின்னிய தட்டுகள் இரண்டு மாதத்தில் நடுவில் குழிந்துவிட்டன. எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு ஆத்தா, கடகம் பின்னியே வாழ்ந்தவர். அவர்தான் வழி சொன்னார். பாரம் தாங்குகிற கடகத்தை இரட்டை ஓலையில் பின்னுவார்கள். அதே மாதிரி அடியில் கட்டப் பின்னலாக ஒரு தட்டு, அதன் மேல் கோடு ஓடுகிற தட்டு, இரண்டையும் விளிம்பில் நாரால் சேர்த்துத் தைத்துவிடு என்றார். கீழே இருப்பது பலம், மேலே இருப்பது ஓட்டம். தட்டுகள் அதற்குப் பிறகு குழியவில்லை.

நிறத்துக்கும் வேலை நடந்தது. கடைச் சாயத்தில் அக்காவுக்கு வேண்டிய மங்கல் கிடைக்கவில்லை. கடுக்காயை ஊறவைத்த தண்ணீரில் ஓலையை ஊறப்போட்டு, துருப்பிடித்த ஆணி போட்டுவைத்த தண்ணீரில் முக்கினால் சாம்பல் கலந்த கறுப்பு வரும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஊறுகிற நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஐந்தாறு கறுப்பு எடுத்தார். புரெவி மழையில் நனைந்து பூஞ்சைப் புள்ளி விழுந்த ஓலைக் கட்டு ஒன்றை நான் அடுப்புக்குப் போடச் சொல்லியிருந்தேன். அதை எடுத்து நல்ல வெயிலில் நாலு நாள் காயவைத்துத் துடைத்து, புள்ளி விழுந்த இழைகளை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டார். அவை தட்டுகளில் பார் ஆயின. கடலுக்கு அடியில் இருக்கிற பவளப் பாறையை இங்கே பார் என்போம். கோடுகள் அந்தப் புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும்.

இன்னொன்றையும் கவனித்துக் குறித்துவைத்தேன். மாதிரி இல்லாத அந்த இரண்டு நாள் வந்த பிறகு, ஆர்டர் பெட்டிகளில் கோடு ஓடுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அடுத்த ஒரு வருடத்தில் அந்தக் காரணத்துக்காகத் திரும்பி வந்தது ஒரே ஒரு பெட்டி. அடக்கி அடக்கி வைத்தது போக வழியில்லாமல் பெட்டியில் வந்திருக்கிறது, போக்கிடம் கிடைத்ததும் அங்கே போய்விட்டது. ஒரே ஆளைப் பார்த்து இதைச் சொல்கிறேன், எல்லோருக்கும் பொருந்தும் என்று வாதாட மாட்டேன்.

விலை

ஒரு தட்டுக்கு ஐந்து நாள் வேலை. இரண்டு நாள் வாரக் கணக்கில் பார்த்தால் இரண்டரை வாரத்துக்கு ஒன்று. விலை வைப்பதில் குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. ஓலைத் தட்டுக்கு யார் நூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பார்கள் என்று பாதிப் பேர். நான் ஒரு நாளைக்கு 400 ரூபாய் கூலி, ஓலை, சாயம், நார் என்று எழுதிக் கூட்டி 2,400 ரூபாய் என்று வைத்தேன். அக்கா அந்தத் தொகையைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போய்விட்டார். ஆறு மாதம் ஒன்றும் விற்கவில்லை. அதில் இரண்டாம் அலை ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. 2021 செப்டம்பரில் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வந்த ஒரு குடும்பம் வழியில் கொட்டகையைப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கிப் போனது. வீட்டு முகப்புச் சுவரில் மாட்ட. அடுத்த மாதம் அவர்கள் சொல்லி இன்னும் இரண்டு போனது.

அப்புறம் வந்தது ஒரு விடுதிக்காரர். அறைக்கு ஒன்று, ஒரே மாதிரி 40 வேண்டும், விலையும் குறைக்க வேண்டாம் என்றார். கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய். கொட்டகையே அக்கா முகத்தைப் பார்த்தது. அக்கா ஒரு வாரம் முயன்றார், ஒரே தட்டை இரண்டாம் தடவை செய்ய. வரவில்லை. "அன்னைக்கு நீவாடு வேற, இன்னைக்கு வேற" என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த முடிவில் எனக்கு முழுச் சம்மதம் என்று சொன்னால் பொய். மகளின் கல்லூரிக் கட்டணம் பாக்கி இருந்த மாதம் அது. ஆனால் முடிவு அவருடையது. விடுதிக்காரருக்கு விஷயத்தை அப்படியே சொன்னோம். 40 வேறு வேறு தட்டு என்றால் எடுத்துக்கொள்வீர்களா, மெதுவாகத்தான் வரும் என்று கேட்டோம். ஆறு போதும் என்றார். ஆறும் போனது.

இன்னொரு ஏற்பாடு, சின்னதுதான், ஆனால் பலன் பெரியது. மத்திய அரசின் கைவினைத் துறை கைவினைஞர்களுக்குக் கொடுக்கிற பெஹ்சான் என்ற அடையாள அட்டைக்கு அக்காவை விண்ணப்பிக்கவைத்தோம். கண்காட்சிகளில் கடை போட, கடன் கேட்க அந்த அட்டை உதவும். விண்ணப்பத்தில் 'கைவினை' என்ற கட்டத்தில் 'பனை ஓலைப் பின்னல்' என்று அவரே தன் கையெழுத்தில் எழுதினார். அதுவரை எந்தத் தாளிலும் அவர் தொழில் 'இல்லத்தரசி'.

அடியில் உறுப்பினர் எண் எழுதுவதையும் அவர் தட்டுகளுக்கு மட்டும் நிறுத்திவிட்டோம். அடையாளம் வேண்டாமா என்று கேட்டதற்கு, "கோடுதான் இருக்கே" என்றார்.

மகள்

இப்போது அக்காவின் மகளும் பின்னுகிறாள். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிற இடைவெளியில் அம்மாவோடு கொட்டகைக்கு வருகிறாள். முதல் வாரமே நான் ஆசையாகப் போய், அம்மாவின் கோட்டைக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். பழைய புத்தி போகவில்லை. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவ தண்ணிக்குள்ள போனதே இல்ல டீச்சர். அவளுக்கு எதுக்கு என் கோடு? பெட்டி பின்னட்டும். வரும்போது வரட்டும்."

மகள் ஆர்டர் பெட்டி பின்னுகிறாள். கை நேர்த்தியானது, அம்மாவைவிட இறுக்கம். இதுவரை அவள் பின்னியதில் திரும்பி வந்தவை நான்கு. நான்கையும் மற்றதோடு கலக்காமல் தனிச் சாக்கில் போட்டு, ஒழுகாத மூலையில் வைத்திருக்கிறோம்.